நுங்கம்பாக்கம்–அம்பத்தூர் 10 ஜிபிபிஎஸ் ஈதர்நெட் இணைப்பு: இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினால் போதுமா?

கேள்வி:

வணக்கம். நுங்கம்பாக்கத்தில் உள்ள எங்கள் படத்தொகுப்பு நிறுவனத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் சர்வர் அறைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 2 டெராபைட் காட்சிப் பதிவுகளை அனுப்புகிறோம். இப்போதுள்ள 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட்) லீஸ்டு லைனில், அதாவது எங்களுக்கென வாடகைக்கு எடுத்த தனி இணைப்பில், கணக்குப்படியே நாலரை மணி நேரம் ஆக வேண்டும். நடைமுறையில் பொழுது விடிந்துவிடுகிறது. 10 ஜிபிபிஎஸ் ஈதர்நெட் இணைப்புக்கு இரண்டு நிறுவனங்கள் விலைப்புள்ளி தந்துள்ளன. ஒன்று 99.5 விழுக்காடும் மற்றொன்று 99.9 விழுக்காடும் இயங்குநேர உறுதி அளிக்கின்றன. கடந்த ஆண்டு கேபிள் அறுந்து இரண்டு நாள் வேலை நின்றுபோனது. இருவரிடமும் ஆளுக்கோர் இணைப்பு வாங்கிவிட்டால் அந்த நிலை மீண்டும் வராமல் இருக்குமா?

பதில் 1:

99.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணி நேரமும், 99.9 என்றால் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இணைப்பு நிற்கலாம் என்று பொருள். அதற்கு மேல் நின்றால் வாடகையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்த எண்ணைவிடக் கேபிள் போகும் வழியைப் பாருங்கள்.

இரண்டு நிறுவனங்கள் என்பதாலேயே இரண்டு வழிகள் கிடைத்துவிடா. ஒருவர் மற்றவரின் டார்க் ஃபைபரை (பயன்படுத்தாமல் கிடக்கும் கண்ணாடி இழையை) வாடகைக்கு எடுத்துச் சேவை தருவது நகரங்களில் சாதாரணம். கேபிள்கள் தனித்தனியாக இருந்தாலும் ஒரே டக்டில் (நிலத்தடிக் கேபிள் குழாயில்), ஒரே பாலத்தின் ஓரமாகச் செல்லக்கூடும். அங்கே ஒரு பொக்லைன் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே அறும். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை அமையும் மெட்ரோ வழித்தடம் உங்கள் பகுதி வழியாகவே செல்வதால், இந்த அச்சத்தை மிகையென்று ஒதுக்க முடியாது. இரு நிறுவனங்களிடமும் முழு வழித்தடத்தைக் கே.எம்.எல். கோப்பாக (வரைபடத்தில் திறந்து பார்க்கக்கூடிய கோப்பாக) கேட்டு வாங்கி, ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தர மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

எவ்வளவு தூரம் நிலத்தடியில் போகிறது, எவ்வளவு தூரம் கம்பங்களில் தொங்குகிறது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மரங்கள் சாய்ந்தபோது தொங்கிய கேபிள்கள் என்ன ஆயின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தால் பருவமழைக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது சாலை வெட்டுக்கு மாநகராட்சி அனுமதியை நிறுத்திவைப்பது வழக்கம்.

பதில் 2:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வேகம் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். 10 ஜிபிபிஎஸ் போர்ட் (இணைப்பு முனை) கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் 4 அல்லது 5 ஜிபிபிஎஸ் மட்டும் உறுதி செய்வதுண்டு. அப்போது உங்கள் சர்வர் போர்ட்டின் முழு வேகத்தில் தரவுப் பாக்கெட்டுகளைத் தள்ள, நிறுவனத்தின் கருவியில் வரம்பை மீறியவை கழித்துக்கட்டப்படும். தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், வாங்கிய அளவில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். உங்கள் ரவுட்டரிலேயே ஒப்பந்த வேகத்துக்குச் சற்றுக் கீழே ஷேப்பிங் செய்துவிட்டால் (அனுப்பும் வேகத்தை மட்டுப்படுத்திவிட்டால்) இது தீரும். 9000 பைட் ஜம்போ ஃபிரேம் (வழக்கமானதைவிடப் பெரிய தரவுப் பொதி) வழிநெடுகச் செல்லுமா என்பதையும் கேளுங்கள். ஒப்படைக்கும் நாளில் ஒய்.1564 (ஈதர்நெட் சேவையின் வேகத்தையும் தரத்தையும் அளக்கும் முறை) சோதனை அறிக்கை இல்லாமல் கையொப்பமிட வேண்டாம்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஒரு நிறுவனம் கோப்பை அனுப்பியது. மற்றொன்று இன்னும் அனுப்பவில்லை. அதற்குள் கட்டடக் காவலருடன் தரைத்தளத்துக்குச் சென்று பார்த்தேன். மின்மாற்றிக்குப் பக்கத்தில், சுவரின் அடியில் ஒரே ஒரு நாலங்குலக் குழாய். இப்போதுள்ள லீஸ்டு லைனும் மேல்தளத்து அலுவலகங்களின் கேபிள்களும் அதன் வழியாகவே உள்ளே வருகின்றன. குழாயின் வாய்ப்பகுதியில் சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே மழைநீர் தேங்கிய தடம் இருந்தது. இரு நிறுவனங்களும் அந்தக் குழாயையே பயன்படுத்தப் போவதாகச் சொல்கின்றன. பின்புறச் சந்தின் பக்கமாக இரண்டாவது நுழைவழி அமைக்கக் கட்டட உரிமையாளரிடம் இன்று கடிதம் கொடுத்துவிட்டேன். அந்த அனுமதி கிடைக்கும் வரை இரண்டாவது இணைப்புக்கு ஆர்டர் தரப்போவதில்லை.