லேக் லெங்த்: "பின்னடைவு நீளம்" சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

உதவிப் பக்கத் தமிழாக்கத்தில் லேக் லெங்த்துக்கு (lag length, காலவரிசைத் தரவில் எத்தனை முந்தைய காலங்களைக் கணக்கில் எடுப்பது என்பது) "பின்னடைவு நீளம்" என்று போன மடலில் வந்திருக்கிறது. இரண்டு சொல்லிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

பின்னடைவு என்பதை ரெக்ரஷனுக்கே, அதாவது ஒரு மாறியை மற்ற மாறிகளைக் கொண்டு விளக்கும் சமன்பாட்டுக்கே, பலர் எழுதிவருகிறார்கள். லேக் லெங்த் கேட்கும் டிக்கி–ஃபுல்லர் சோதனையே (தரவில் அலகு மூலம், அதாவது அதிர்ச்சிகளின் தாக்கம் மறையாமல் நிலைத்துவிடும் தன்மை, இருக்கிறதா என்று பார்ப்பது) ஒரு ரெக்ரஷன்தான், அதற்குள் லேக்கும் பின்னடைவு என்றால் "பின்னடைவில் நான்கு பின்னடைவுகள்" என்று எழுத வேண்டிவரும், படிப்பவர் தேர்தல் முடிவு என்று நினைத்துக்கொள்வார். பிந்தல் என்று வைப்போம். பிந்திய மதிப்பு, இரண்டு மாதம் பிந்திய வேறுபாடு (அடுத்தடுத்த மாத மதிப்புகளுக்கு இடையிலான மாற்றம்) என்று வளைந்து கொடுக்கிறது.

நீளம்தான் பெரிய சிக்கல். நாம் முடிவுசெய்வது எத்தனை பிந்திய வேறுபாடுகளைச் சமன்பாட்டில் சேர்ப்பது என்பதை, ஆகவே அது பிந்தல் எண்ணிக்கை. 120 மாதத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் இந்தச் சோதனையைச் செய்யும் டிஎஃப்ஃபுல்லர் கட்டளைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டால் எண்ணிக்கை 0. ஆர் (R) மொழியின் டிசீரிஸ் தொகுப்பு 119-இன் கனமூலத்தை எடுத்துப் பின்னத்தை வெட்டி 4 என்கிறது. பைத்தான் மொழியின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்போ 1989-இல் ஷ்வெர்ட் பயன்படுத்திய சூத்திரப்படி, அதாவது 120-ஐ 100-ஆல் வகுத்து நாலாம் மூலம் கண்டு 12-ஆல் பெருக்கி, மேல்நோக்கி முழுமையாக்கி 13-க்கு வருகிறது. ஆனால் இந்த 13 முடிவு இல்லை, அதுவரை தேடலாம் என்ற எல்லை மட்டுமே. அதற்குள் எது என்பதை ஏஐசி (AIC, பொருத்தத்தையும் எளிமையையும் சேர்த்து எடைபோடும் அளவுகோல்) தேர்கிறது. டிசீரிஸின் 4 அப்படியே சோதனைக்குள் போகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பயனர் 13-ஐயும் 4-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடுவார். அதனால் 13 போன்ற எல்லைக்குப் பிந்தல் உச்சவரம்பு என்று தனிச்சொல் வேண்டும்.

இது வெறும் சொல் சண்டை என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை குறைந்தால் எச்சங்களில் (சமன்பாடு விளக்காமல் விட்ட மீதிகளில்) தன்னொட்டுறவு, அதாவது முந்தைய மதிப்புகளோடுள்ள தொடர்பு, தங்கிவிடும், அலகு மூலம் இருந்தும் இல்லை என்று சோதனை அடிக்கடி சொல்லிவிடும்; கூடினால் சோதனையின் திறன், அதாவது அலகு மூலம் இல்லாதபோது அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, தேய்ந்துபோகும். பயனர் கைவைக்கும் இடமே இதுதான், இங்கே உதவிப் பக்கம் குழப்பக்கூடாது.

அப்புறம், யூனிட் ரூட்டுக்கு அலகு வேர் வேண்டாம், அலகு மூலம் இருக்கட்டும். வர்க்கமூலம், கனமூலம் என்றுதானே படித்தோம்.

லேக்குக்கு "சுணக்கம்" என்று ஒருவர் கேட்டிருந்தார், நல்ல சொல், இணைய வேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் பிந்தல் எண்ணிக்கை, பிந்தல் உச்சவரம்பு இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.