ஓட்டுப் பெட்டிக்குக் காவல் இருந்தவங்க அனுபவம்

முகவர், மதுரை:
2021ல ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு, மே 2 தான் எண்ணிக்கை. அதுவரைக்கும் ஓட்டு மெஷினைப் பூட்டி வச்சிருந்த இன்ஜினியரிங் காலேஜ் வாசல்ல பந்தல் போட்டு ஷிஃப்ட் மாத்தி உட்கார்ந்திருந்தோம். உள்ளே துணை ராணுவம், வெளியே போலீஸ், எங்களுக்கு ஒரு டிவி. அதுல பூட்டின கதவு மட்டும்தான் ஓடும். ராத்திரி ஸ்க்ரீன் கருப்பானா எதிர்க்கட்சிக்காரரும் நானும் சேர்ந்தே சத்தம் போடுவோம், அந்த ஒரு விஷயத்துல மட்டும் கூட்டணி! 2019ல எங்க ஊர் மெடிக்கல் காலேஜ்ல தேர்தல் ஆவணங்கள் இருந்த அறைக்குள்ள ஒரு அதிகாரி போய் வந்தாங்க. கலெக்டரையே மாத்தச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. அதைப் பார்த்த பிறகு எங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஆசிரியை, நெல்லை:
எல்லாரும் மெஷினையே பேசுறீங்க. தேர்தல் டியூட்டிக்குப் போற எங்க ஓட்டு தபால் ஓட்டு, அது காகிதம். 2016 சட்டமன்றத் தேர்தல்ல எங்க ராதாபுரம் தொகுதியில ஜெயிச்ச வித்தியாசம் 49 ஓட்டு. ஓட்டோட வைக்கிற உறுதிமொழியில கெசட்டட் அதிகாரி கையெழுத்து இல்ல, ஹெச்.எம். போட்டது செல்லாதுன்னு 203 தபால் ஓட்டைத் தள்ளிட்டாங்க. தோத்த தி.மு.க. வேட்பாளர் அப்பாவு கேஸ் போட்டார். ஹெச்.எம். கையெழுத்து செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. 2019 அக்டோபர்ல பெட்டிங்க சென்னைக்குப் போய், ஹைகோர்ட் வளாகத்துலயே தபால் ஓட்டையும் கடைசி மூணு சுற்றையும் மறுபடி எண்ணினாங்க. முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுடுச்சு, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கு. ஆனா மூணு வருஷம் கழிச்சும் எண்ணுறதுக்குக் காகிதம் இருந்துச்சே!

வருவாய்த்துறை, ஓய்வு:
டீச்சர் சொன்னது சரி. முடிவு வந்து 45 நாளுக்குள்ள வழக்குப் போடலாம், அதுவரை மெஷினைத் தொடக்கூடாது. வழக்கு வந்துட்டா கோர்ட் சொல்றவரைக்கும் அப்படியே இருக்கணும். ஓட்டுப் போட்டதும் சீட்டு காட்டுற விவிபேட் மெஷின்ல சின்னம் ஏத்துற கருவியையும் 45 நாள் வைக்கணும்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ரூம் பூட்டும்போது வேட்பாளர் தரப்பும் தங்க சீலை வைக்கலாம். வெறுங்கையோட வந்து நின்னுட்டு, அப்புறம் டிவியில சந்தேகம் கிளப்புறவங்களை நிறையப் பார்த்துட்டேன்.

முகவர், மதுரை:
சீல் உடையலைன்னாலும் உள்ளே இருக்கிறது அதே மெஷின்தான்னு எப்படித் தெரியும் சார்?

வருவாய்த்துறை, ஓய்வு:
17சி படிவம் எதுக்கு இருக்கு? மெஷின் நம்பர், பேப்பர் சீல் நம்பர், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதுல இருக்கும். பூத்துல கடைசிவரை இருக்கிற ஏஜென்டுக்கு நகல் தரணும். கடைசி பஸ் போயிடும்னு அதை வாங்காம கிளம்பிடாதீங்க.