கிராமத் தொகுதியில் முதல்முறை வேட்பாளராக வாக்குக் கேட்ட அனுபவம்

தேர்தலில் நிற்கப் போகிறேன், கிராமப் பகுதி, கட்சி பலம் கிடையாது, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். நான் சுயேச்சையாக நின்ற பெண். தொகுதி முழுக்கச் சின்னச் சின்ன ஊர்கள், நடுவே நீண்ட வயல்வெளி, சில வீடுகள் தன்னந்தனியாக.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிராமத்தில் வேட்பாளர் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தெருவின் முதல் வீட்டில் பேருந்து நேரத்தைப் பற்றி ஒரு அம்மாவிடம் பேசிவிட்டு வந்தேன். தெருக்கோடிக்குப் போவதற்குள் அங்கே ஒருவர் வாசலுக்கே வந்து நின்று, "காலை பஸ்ஸைப் பத்தி ஏதோ சொன்னீங்களாமே, அதை எங்ககிட்டயும் சொல்லுங்க" என்றார். நகரத்தில் ஒரு குடியிருப்பில் சொன்னது அடுத்த குடியிருப்புக்குத் தெரியாமலே போகலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. அதனால் ஆளுக்கொரு பேச்சு, ஊருக்கொரு வாக்குறுதி என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது ஊரிலேயே மதிப்புப் போய்விடும். எல்லா வாசலிலும் ஒரே பேச்சைப் பேசுவது நேர்மைக்காக மட்டுமல்ல, கிராமத்தில் அது ஒன்றுதான் நடக்கிற காரியம்.

இதை எனக்கு நன்றாக உணர்த்தியது கால்வாய்ப் பிரச்சினை. தண்ணீர் முதலில் பாயும் மேல்மடைக்கும், கடைசியில் போய்ச் சேரும் கடைமடைக்கும் நடுவே தண்ணீரைப் பங்கிடும் முறையில் தகராறு. மேல்மடைப் பக்கம் போனபோது ஒரு பெரியவர் மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கையில் ஷட்டரைத் திருப்பும் கைப்பிடி. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேராக விஷயத்துக்கு வந்தார். "அம்மா, தண்ணி முறையை மாத்த மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. இந்தப் பக்கம் இருக்கிற ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான்." அந்த நேரத்தில் ஒரு தலையசைப்புப் போதும். கூட வந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது இதுதான்: "முறையை மாத்தறதா வேண்டாமான்னு நான் ஒருத்தி சொல்ல முடியாதுங்க. எவ்வளவு தண்ணி இறங்குதுன்னு இரண்டு பக்கமும் கண்ணால பார்க்கிற மாதிரி ஒரு அளவுப் பலகை வேணும். கீழே மண்டிக் கிடக்கிற வண்டலை வாரணும். அதுக்கு நான் நிற்பேன்." அவருக்குப் பிடிக்கவில்லை. கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் கடைமடைக்குப் போனேன். ஒரு பாட்டி என்னைக் கையைப் பிடித்து வாய்க்காலுக்குள்ளேயே இறக்கிவிட்டார். கணுக்கால் அளவுக்கு வண்டல் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுல என்ன விளையும், சொல்லு" என்றார். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மேல்மடையில் சொன்ன அதே அளவுப் பலகை, அதே தூர்வாரல், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. பாட்டி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கேயும் இதையேதான் சொன்னியாமே. என் மகளை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கு" என்றார். இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை. பகை கால்வாய்த் தண்ணீரில் மட்டும்தான்.

முதல்முறை நிற்பவர்கள் ஆபிரகாம் லிங்கனின் முதல் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1832-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார். நடுவே பிளாக் ஹாக் போருக்குப் படையில் போய்விட்டதால் ஊர் ஊராகச் சுற்ற மிகக் குறைந்த காலமே கிடைத்தது. 13 பேரில் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் அவர் வாழ்ந்த நியூ சேலம் பகுதியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு. அவரைத் தெரிந்த இடத்தில் அள்ளிக் கொடுத்தார்கள், தெரியாத இடத்தில் கைவிட்டார்கள். 1834-ல் மறுபடி நின்று வென்றார். கிராமத் தொகுதியில் கொள்கையைவிட முன்னால் நிற்கும் கேள்வி, "இவங்க யாரு?" என்பதுதான். அதற்குத் துண்டுப்பிரசுரம் பதில் சொல்லாது, ஆள் நேரில் போக வேண்டும்.

நேரில் போவது என்றால் நேரம் பார்த்துப் போக வேண்டும். பால் கறக்கும் நேரத்தில் கதவைத் தட்டினால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆளே இருக்காது, வயலுக்குத்தான் போக வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லாமல் வரப்பில் கூடவே நடந்து பேசினால் நன்றாகப் பேசுவார்கள். நாய் இருக்கும் வீட்டில் வெளியிலேயே நின்று குரல் கொடுங்கள்.

ஒருநாள் ஆளில்லாத சாலையில் என் வண்டி பஞ்சர். உதவிக்கு வந்தவரின் சட்டையில் எதிர்த் தரப்பு வேட்பாளரின் பேட்ஜ். ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்துவிட்டு, "என் ஓட்டு உங்களுக்கு இல்லம்மா, முதல்லயே சொல்லிடறேன்" என்றார். அதோடு விடாமல் குன்றைக் காட்டி, "அதுக்குப் பின்னால மூணு குடும்பம் இருக்கு. யாரும் போறதில்லை. நாங்களும் போகலை. நீங்களாவது போயிட்டு வாங்க" என்றார். போனேன். அங்கே இருந்தவர்கள் கேட்டது சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஒரு சின்னப் பாலம். எதிர்த் தரப்புக்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்று நான் சொல்வதற்கு இப்படிப்பட்டவர்கள்தான் காரணம். ஊரை அவர்களுக்கும் பிடிக்கும்.

இன்னொரு சந்திப்பை எழுதியே ஆக வேண்டும். ஒரு பெண் கதவைப் பாதிதான் திறந்தார். அவர் வேலை செய்யும் தோட்டத்தின் உரிமையாளர் வேறொரு வேட்பாளருக்காக வெளிப்படையாக வேலை செய்துகொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "யாருக்குப் போட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமா?" வாக்குக் கேட்பதை அங்கேயே நிறுத்திவிட்டேன். வாக்குப் போடும் மறைப்புக்குள் வேறு யாரும் வர முடியாது, சீட்டானாலும் இயந்திரமானாலும் உங்கள் பெயர் வாக்கோடு ஒட்டியிருக்காது, யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். இந்தப் பாதுகாப்பு சும்மா வந்ததில்லை. அரசே அச்சிட்ட சீட்டில் மறைவாகக் குறிக்கும் முறை 1856-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் வந்தது. அதற்கு முன்பு பல இடங்களில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்களிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் ரகசிய வாக்குதான் எளியவர்களின் ஒரே கவசம். அதனால்தான் "உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்று எந்த வாசலிலும் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

தொலைபேசியில் அழைத்தால் போதாதா என்று கேட்பார்கள். 1998-ல் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடத்திய சோதனையில், நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவை நன்றாகவே உயர்த்தியது, தொலைபேசி அழைப்பால் பலன் தெரியவில்லை. அது நகரம், அளந்தது வாக்களிக்க வந்தவர்களை, மனம் மாறியவர்களை அல்ல. இருந்தாலும் வாசலில் நின்று பேசுவதற்கு ஒரு கனம் உண்டு என்பதை நானே பார்த்தேன்.

பேசுவதைவிடக் கேட்பதைத் திட்டமாகவே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் இண்டி தொகுதியில், 2013-ல் கேத்தி மெக்கோவன் சுயேச்சையாக நிற்பதற்கு முன்பே, ஊர்க்காரர்கள் வீடுகளில் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று பேசியிருந்தார்கள். கடைசியில் பதவியில் இருந்தவரை அவர் 439 வாக்குகளில் வென்றார். அந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது குன்றுக்குப் பின்னால் இருக்கும் மூன்று குடும்பம் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சட்டத்தை மட்டும் உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயதானவர்களை வண்டியில் வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போவது பிரிட்டனில் சாதாரணமாக நடப்பது. இந்தியாவில் வேட்பாளர் அதற்கு வண்டி ஏற்பாடு செய்வது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் ஊழல் நடவடிக்கை. செலவுக் கணக்கை அன்றன்றே எழுதிவிடுங்கள், பிறகு என்று விட்டால் சேராது.

நான் தோற்றேன். சாவடி வாரியாக எண்ணிக்கை வந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். நேரில் போக முடியாத ஊர்களில் ரொம்பக் குறைவு. மேல்மடை, கடைமடை இரண்டு சாவடியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதுவும் நல்ல அளவு. மதகில் பார்த்த பெரியவர் போட்டாரா என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். வாசல் வாசலாக எழுதி வைத்திருந்த குறைகளில், சொன்னவர்களின் பெயரை நீக்கிவிட்டு, கால்வாயையும் ஓடைப் பாலத்தையும் பற்றியதை வென்றவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அளவுப் பலகையை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். அடுத்த முறையும் நிற்கப் போகிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களைச் சேர்க்கும் வேலையை இப்போதே ஆரம்பித்துவிட்டேன், குன்றுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் இருந்து.