வளித் துப்பாக்கியின் ‘ஸ்லக்’: ‘உருளைச் சன்னம்’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அழுத்திய வளியால் சுடும் வளித் துப்பாக்கியில் இடும் ‘ஸ்லக்’ (slug) என்ற உலோகத் துண்டுகளைச் சோதிக்கும் முறை பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குவது தொடர்பாக எழுந்த இந்த உரையாடலில் இதுவரை மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன: ஒலிபெயர்த்து ‘ஸ்லக்’ என்றே எழுதுவது, ‘திண்குண்டு’ என்பது, ‘கட்டி ரவை’ என்பது. மூன்றும் அக்கறையோடு சொல்லப்பட்டவை. எனினும், சோதனைக் குறிப்பின் வாக்கியங்களுக்குள் வைத்துப் பார்க்கும்போது மூன்றும் வெவ்வேறு இடங்களில் இடறுகின்றன. ஆகவே ‘உருளைச் சன்னம்’ என்ற சொல்லை முன்வைத்து, அதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். வளித் துப்பாக்கியில் நெடுங்காலமாக வழங்கிவருவது ‘டயபோலோ பெலட்’ எனப்படும் ஈயச் சன்னம். அதற்கு ஒரு தலை, ஒடுங்கிய இடை, உள்ளே குழிந்து பின்புறம் விரிந்த ஒரு வாய் என மூன்று பகுதிகள் உண்டு. எடை முன்னால் இருக்க, விரிந்த பின்வாய் வளியின் தடையை வாங்கிக்கொள்வதால் அது தலை முன்னோக்கியபடியே பறக்கிறது. குழல் கொடுக்கும் சுழற்சி அதற்கு மேலதிகத் துணை. புதிதாகப் பரவிவரும் ‘ஸ்லக்’கிலோ இடையும் இல்லை, விரிந்த வாயும் இல்லை. அதன் பக்கங்கள் நேரானவை. குழலின் உட்சுவரிலுள்ள சுருள் தவாளிப்புகளை (சுழற்சி தரும் பள்ளக் கோடுகளை) அது தன் நீளத்தின் பெரும்பகுதியால் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. பறக்கும்போது அதை நேராக வைத்திருப்பது சுழற்சி ஒன்றே. வளித்தடை குறைவு என்பதால் வேகத்தை நெடுந்தூரம் தக்கவைத்துக்கொள்கிறது. பக்கக் காற்றாலும் குறைவாகவே விலகுகிறது. 5.5 மில்லிமீற்றர் அளவில் வழமையான பெலட் ஏறத்தாழ 0.9 முதல் 1.2 கிராம் வரை இருக்க, அதே அளவுக்கான ‘ஸ்லக்’குகள் 1.3 முதல் 2 கிராம் வரை வருகின்றன.

நான் சொல்ல விரும்பும் முதன்மையான விடயம் இதிலிருந்து பிறக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்லக்’ என்ற சொல் வேட்டைத் துவக்குக்கும் (shotgun) உண்டு. சிதறு சன்னங்களுக்குப் பதிலாக ஒற்றையாய்ச் செல்லும் பெரிய ஈயத் துண்டை அங்கு அப்பெயரால் அழைப்பார்கள். 1931இல் கார்ல் ஃபொஸ்டர் வடிவமைத்த வகை அவற்றுள் பெயர்பெற்றது. பின்புறம் குழிந்து எடை முன்னால் இருப்பதால், தவாளிப்பு இல்லாத வழுவழுப்பான குழலிலிருந்து வந்தாலும் அது நேராகப் பறக்கிறது. அதாவது வேட்டைத் துவக்கின் ‘ஸ்லக்’ பறக்கும் முறை, வளித் துப்பாக்கியின் ‘ஸ்லக்’கோடு அல்ல, அதற்கு நேர் எதிரான பெலட்டோடுதான் ஒத்துப்போகிறது. ஆங்கிலம் ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்துவிட்டது என்பதற்காக, எதிரெதிராக இயங்கும் இரு பொருள்களை நாமும் ஒரே சொல்லில் கட்டிவைக்க வேண்டியதில்லை. இதே சொல் பௌதிகவியலில் ஏறத்தாழ 14.59 கிலோகிராம் கொண்ட திணிவலகு ஒன்றையும் குறிக்கிறது. விசை, திணிவு, வேகம் எல்லாம் கணக்கிடப்படும் ஓர் ஆவணத்தில் வெறும் ஒலிபெயர்ப்பு மாணவரைக் குழப்பும். பேச்சில் ‘ஸ்லக்’ என்று சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை, தடுக்கவும் வேண்டாம். எழுத்தில் மட்டும் தெளிவான சொல் வேண்டும் என்கிறேன்.

‘திண்குண்டு’ என்ற சொல்லில் இரு பாதியிலும் எனக்கு மறுப்பு உண்டு. ‘திண்’ என்பது உள்ளீடு நிறைந்தது என்று பொருள்படும். ஆனால் இன்று விற்பனைக்கு வரும் ‘ஸ்லக்’குகளில் பலவற்றின் முனையில் குழி உண்டு, அடிப்புறம் கிண்ணம் போலக் குழிந்தவையும் உண்டு. பெயர் ஒன்று சொல்ல, பொருள் வேறாக நிற்கும். ‘குண்டு’ என்பதைத் தமிழகத்து அன்பர்கள் துப்பாக்கிக் குண்டு என்று இயல்பாகவே படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கு கொழும்பில் அந்தச் சொல்லைத் தனியே கேட்டால் மனத்தில் முதலில் எழுவது வெடிகுண்டு. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் படிக்கும் ஒரு விளையாட்டுக் கையேட்டில், பக்கத்துக்குப் பக்கம் ‘குண்டுச் சோதனை’ என்று வருவதை நான் விரும்பவில்லை.

‘ரவை’ இலங்கையில் நன்கு வேரூன்றிய சொல். ரவைக்கூடு என்ற கூட்டுச்சொல்லும் நாளிதழ்களில் சாதாரணமாக வருகிறது. ஆனால் வழக்கில் அது வெடிமருந்தும் கோதும் சேர்ந்த முழுத் தோட்டாவையே பெரும்பாலும் குறிக்கிறது. வளித் துப்பாக்கியில் வெடிமருந்தே இல்லை. அழுத்திய வளி உந்த, உலோகத் துண்டு மட்டுமே செல்கிறது. ரவை என்று எழுதினால் பொருளின் தன்மையே மாறிவிடும்.

எஞ்சியிருப்பது ‘சன்னம்’. துப்பாக்கி வாயிலிருந்து வெளிச்செல்லும் துண்டை மட்டும் சுட்டும் இந்தச் சொல் நம் நாட்டுச் செய்தி வழக்கில் ஏற்கெனவே உள்ளது. சிறிய பொருள் என்ற சாயலும் அதற்குள் இருக்கிறது. தமிழகத்தில் ‘சன்ன அரிசி’ என்ற வழக்கே முதலில் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழக்கூடும். அடைமொழியோடு வரும்போது அந்த மயக்கம் நீங்கிவிடும் என்றே நம்புகிறேன்.

ஆகவே சன்னம் என்பதைப் பொதுப்பெயராக வைத்து வகைகளைப் பிரிக்கலாம். இடையொடுங்கிய டயபோலோ வகைக்கு ‘உடுக்கைச் சன்னம்’ என்பது என் பரிந்துரை. மூலச்சொல்லும் இரு கூம்புகளை முனையோடு முனை சேர்த்தது போன்ற ஒரு விளையாட்டுப் பொருளின் பெயரிலிருந்து வந்ததே. நமக்கோ உடுக்கையை விட நெருக்கமான உருவம் வேறில்லை. சிங்களத்திலும் அவ்வாத்தியத்துக்கு ‘உடெக்கிய’ என்ற பெயரே இருப்பதால், மும்மொழி அட்டவணை தயாரிப்போருக்கும் இது கைகொடுக்கலாம். உடுக்கை என்று சொல்லிவிட்டால் இடை, பின்வாய் என்று உறுப்புகளின் பெயர்களும் கூடவே கிடைத்துவிடுகின்றன. கோள வடிவான எஃகுச் சன்னங்களுக்கு ‘உண்டை’ என்ற பழஞ்சொல் பொருந்தும். உண்டைவில் என்ற ஆட்சி ஆழ்வார் பாசுரத்திலேயே இருக்கிறது. சிங்களவர் ‘உண்ட’ என்பதும் இதற்கு உறவான சொல்லே. நேர்ப்பக்கம் கொண்ட ‘ஸ்லக்’குக்கு ‘உருளைச் சன்னம்’ என்பது இந்த வரிசையில் தானாகவே வந்து அமர்கிறது. முனை குழிந்திருந்தாலும் அடி குழிந்திருந்தாலும் பக்கம் உருளையாகவே இருப்பதால், எந்த உட்பிரிவிலும் பெயர் பொய்க்காது.

சோதனைக் குறிப்பில் இச்சொற்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பார்க்கச் சில வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்:

“உடுக்கைச் சன்னத்தின் மெல்லிய பின்வாய் வளியழுத்தத்தால் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும், உருளைச் சன்னத்துக்கு அத்தகைய நெகிழ்வு குறைவாகையால், 0.217 அங்குலம், 0.218 அங்குலம் என அடுத்தடுத்த விட்டங்களில் வருபவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டு, அந்தக் குழலுக்கு இசைவதைத் தெரிவுசெய்க.”

இரண்டு விட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு 0.025 மில்லிமீற்றர்தான் என்றாலும், இலக்கில் துளைகள் சிதறும் பரப்பை அதுவே மாற்றிவிடக்கூடும்.

“உருளைச் சன்னங்களை எடைவாரியாகப் பிரித்து, குழல்வாய் வேகத்தை ஒவ்வொரு சூட்டுக்கும் பதிவுசெய்து, 50 மீற்றரிலும் 100 மீற்றரிலும் துளைக்கூட்டத்தின் அகலத்தை அளக்க. கிட்டிய தூரத்தில் உடுக்கை, உருளை ஆகிய இரு வகைகளுக்கும் இடையே வேறுபாடு தெரியாமற்போகலாம்.”

“சன்னத்தின் நீளம் கூடக்கூட, அதை நிலைப்படுத்தக் குழலின் தவாளிப்பு விரைவாகத் திரும்ப வேண்டும், உடுக்கைச் சன்னத்துக்கென அமைந்த குழல் நீண்ட உருளைச் சன்னத்தை நிலைப்படுத்தாமற்போகலாம்.”

மூன்றிலும் வாக்கியம் தடுக்காமல் போவதாகவே எனக்குப் படுகிறது. இலக்கில் விழும் துளைகளின் தொகுதியைக் குறிக்கும் ‘துளைக்கூட்டம்’ என்பதை நான் தற்காலிகமாகவே பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு மேலான சொல் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். வளித்தடையை ஒரு சன்னம் எவ்வளவு வெல்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு, நம் பாடநூல்களில் உள்ள எறியம், குணகம் ஆகிய சொற்களைச் சேர்த்து ‘எறியக் குணகம்’ என்று ஆளலாம்.

இந்தப் பெயர்ப் பிரிவை நான் வற்புறுத்துவதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். உடுக்கைச் சன்னம் வேகத்தை விரைவில் இழப்பதை நம்பி அமைத்த தடுப்புச் சுவரும் எல்லைக் கோடும் உருளைச் சன்னத்துக்குப் போதாமல் போகலாம். “இங்கு சன்னம் சுடலாம்” என்று மட்டும் எழுதிய அறிவித்தல் எதை அனுமதிக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியாது. “உடுக்கைச் சன்னங்கள் மட்டும், உருளைச் சன்னங்களுக்கு அனுமதி இல்லை” என்று எழுதினால், ஆங்கிலம் அறியாத ஒரு மாணவரும் தம் கையிலுள்ள டப்பாவைத் திறந்து, உள்ளிருப்பதன் இடையைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.

மாற்றுச் சொல் வைத்திருக்கும் அன்பர்கள், மேலேயுள்ள மூன்று வாக்கியங்களையும் தங்கள் சொல்லால் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். குழிந்த முனைக்கும் கிண்ண அடிக்கும் தனிச்சொற்கள் இன்னும் வேண்டியிருக்கின்றன. அவற்றுக்கான பரிந்துரைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து