பஸ்ஸா, பேயா?

குழு: தென்காசி வீடு
சனிக்கிழமை, இரவு 8.40

நான்: எல்லோரும் ஒரு நிமிடம். என் கேமுக்கு, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் போட அட்டைப்படம் வரைந்திருக்கிறேன். பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "சூப்பர்" என்று மட்டும் யாரும் போடக்கூடாது.
[படம்]

செல்வி அத்தை: சூப்பர் 👌👌

செல்வி அத்தை: ஐயோ, படித்துவிட்டுப் போட்டிருக்கலாம்

அம்மா: பேய்ப் படமா தம்பி?

நான்: பேய் இல்லை அம்மா. பஸ் கண்டக்டர் கேம். பெயர் "கடைசி ட்ரிப்". ராத்திரி 10 மணி வண்டியில் டிக்கெட் கொடுத்து, சில்லறை கொடுத்து, அடுத்த பஸ் ஸ்டேஜ் வருவதற்குள் விற்ற டிக்கெட் கணக்கை இன்வாய்ஸில் எழுதி முடிக்க வேண்டும்.

அம்மா: அப்போ மழையில் நிற்கும் அந்தக் கறுப்பு உருவம் யார்?

நான்: அதுதான் கண்டக்டர். பின்னால் ஹெட்லைட் எரிகிறது, அதனால் நிழலாகத் தெரிகிறார்.

பெரியப்பா: ஓடுகிற வண்டிக்கு முன்னால் நிற்கிறவன் கண்டக்டர் இல்லையடா. அடிபடப் போகிறவன்.

செல்வி அத்தை: 🤣🤣🤣

காயத்ரி அக்கா: கார்த்தி, வரைந்தது நன்றாகவே இருக்கிறது. சுவரில் மாட்டலாம். ஆனால் கடையில் இதை யாரும் இந்த அளவில் பார்க்கப் போவதில்லை. சின்ன அளவு என்ன?

நான்: நான் ஏற்றுவது 462 × 174 பிக்ஸல். அதிலிருந்து ஸ்டீமே இன்னும் சின்னதாக இரண்டு செய்துகொள்ளும். கடைசி அளவு 120 × 45.

காயத்ரி அக்கா: அந்த 120 × 45-ஐ அனுப்பு.

நான்: [படம்]

அம்மா: எறும்பு மாதிரி இருக்கிறது

சித்தப்பா: கண்ணாடி போட்டும் தெரியவில்லை. தீப்பெட்டி லேபிளே இதைவிடப் பெரியது.

காயத்ரி அக்கா: (அம்மா போனில் ஆதி டைப் செய்கிறேன்) கார்த்தி மாமா, நான் தினமும் ஸ்டீம் பார்ப்பேன். இது வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். பயப்படுத்தும் கேம் என்று நினைத்தேன். அது பிடிக்கிற பையன் இதை கிளிக் செய்வான், உள்ளே சில்லறை எண்ணச் சொன்னால் திட்டிவிட்டுப் போவான்.

நான்: 😐

காயத்ரி அக்கா: (இன்னும் ஆதிதான்) ஹாலோ நைட் கேமின் அட்டைப்படத்தைப் பாருங்கள். 2017-இல் வந்தது. எவ்வளவு சின்னதாக வந்தாலும் இரண்டு கொம்பு வைத்த வெள்ளை முகம் தெரியும். உங்கள் படத்தில் நிலா, டீக்கடை, மழை, பஸ், மலை, நாய், ஆள் எல்லாம் இருக்கிறது. நாய் எதற்கு?

நான்: டிப்போ நாய். கேமில் வரும்.

காயத்ரி அக்கா: போனைப் பிடுங்கிவிட்டேன். ஆனால் அவன் சொன்னது சரி.

சித்தப்பா: தம்பி, நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு நான் 14 வருடம் கடைப் பலகை எழுதியவன். பலகை எழுதி முடித்ததும் தெரு முனைக்குப் போய் நின்று பார்ப்பேன். படிக்க முடியவில்லை என்றால் திரும்பி வந்து முதலில் பூவை அழிப்பேன், அப்புறம் கொடியை அழிப்பேன். கடைக்காரர் "காசு கொடுத்து எழுதிய பூவை ஏன் அழிக்கிறாய்" என்று கத்துவார். பஸ்ஸில் போகிறவன் கடைப் பெயரைப் படிக்க வேண்டும் அண்ணாச்சி, பூவைப் பறிக்கவா போகிறான் என்பேன்.

சித்தப்பா: உன் எழுத்து ஒல்லி. அதுவும் மஞ்சள் வெளிச்சத்தின் மேலேயே மஞ்சள் எழுத்து. இன்னொன்று பார். "ட்ரிப்" என்பதில் இரண்டு புள்ளி இருக்கிறது. சின்னதாக்கினால் இரண்டும் காணாமல் போய் "டரிப" என்று ஆகிவிட்டது. புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வை, எழுத்தைவிட்டுத் தள்ளி வை. எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு கொடு. மங்கலாக நிழல் போடாதே, அது தூரத்தில் அழுக்கு மாதிரி தெரியும்.

நான்: சித்தப்பா, இதைக் கேட்டால் வெளியில் காசு வாங்குவார்கள்.

சித்தப்பா: நானும் வாங்குவேன். கீழே சிவப்புப் பட்டை போட்டு "முதல் 100 பேருக்குப் பாதி விலை" என்று எழுது. ஓடும்.

செல்வி அத்தை: காலேஜில் பரிசு வாங்கினாயே, அந்தக் கோப்பையையும் ஓரத்தில் வை

நான்: இரண்டும் முடியாது. 2022 செப்டம்பர் 1-லிருந்து ஸ்டீமில் விதி வந்துவிட்டது. படம், கேமின் பெயர், துணைத்தலைப்பு இருந்தால் அது, இவ்வளவுதான் இருக்கலாம். விருது, நட்சத்திர மதிப்பெண், தள்ளுபடி எதையும் படத்தில் எழுதக்கூடாது. தள்ளுபடி கொடுத்தால் கடையே பக்கத்தில் பச்சைக் கட்டத்தில் காட்டும்.

சித்தப்பா: நல்ல விதிதான். நம்ம ஊர் ஃப்ளெக்ஸுக்கும் கொண்டு வரலாம். படத்தில் 40 தலை, நடுவில் மாப்பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

பெரியப்பா: அந்தக் கடையில் இடம் பிடிக்க எவ்வளவு கட்டினாய்?

நான்: ஒரு கேமுக்கு 100 டாலர் பெரியப்பா. விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்ப வரும்.

பெரியப்பா: தொடாவிட்டால்?

நான்: வராது.

பெரியப்பா: அப்போ படத்தை ஒழுங்காக வரை.

செல்வி அத்தை: இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, கேட்டால் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடுமாம். எங்கள் மாடி வீட்டுக்காரி பேத்தி காதுகுத்துக்கு அதில்தான் பத்திரிகை செய்தாள்.

நான்: முயன்று பார்த்தேன் அத்தை. தமிழ்நாட்டு பஸ் கண்டக்டர் என்று கேட்டால் தலையில் தொப்பி, கோட்டில் பித்தளைப் பொத்தான் வைத்து ஒரு ஆளைக் கொடுத்தது. ரயில்வே கார்டா, கல்யாண பேண்டு மாஸ்டரா என்றே தெரியவில்லை. அப்புறம், ஏஐ பயன்படுத்தினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஸ்டீம் விதி கொண்டு வந்தது. சொன்னால் கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கையால் வரைந்த கேமுக்கு அது எதற்கு?

அம்மா: தமிழ்ப் பெயர் வெளிநாட்டுக்காரனுக்குப் புரியுமா?

காயத்ரி அக்கா: வெண்பா என்றே ஒரு கேம் 2023-இல் வந்ததே சித்தி. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் வெண்பா. முதல் வேலையே அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிப்பது. உலகம் முழுக்க விளையாடினார்கள். பெயர் புரியாவிட்டால் பரவாயில்லை, என்ன வேலை செய்யப் போகிறோம் என்பது படத்தில் புரிய வேண்டும். கார்த்தி, உன் கேமில் ஆட்டக்காரர் கை அதிக நேரம் என்ன செய்யும்?

நான்: நோட்டை வாங்கும், டிக்கெட் கிழிக்கும், மீதி கொடுக்கும்.

காயத்ரி அக்கா: அது படத்தில் எங்கே இருக்கிறது?

நான்: ...இல்லை.

(செல்வி அத்தை ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

செல்வி அத்தை: மன்னிக்கவும், மாவு பாக்கெட் குழுவுக்குப் போட வேண்டியது

பெரியப்பா: [குரல் பதிவு 0:52]

காயத்ரி அக்கா: பஸ் சத்தத்தில் அப்பா சொல்வது கேட்கவில்லை என்பவர்களுக்கு: "படத்தில் கண்டக்டர் கையில் டார்ச் கொடுத்திருக்கிறாய். நான் 31 வருடத்தில் டார்ச் பிடித்து டிக்கெட் போட்டதில்லை. இடது கையில் டிக்கெட் கட்டு. நோட்டை நீளவாக்கில் மடித்து அதே கை விரல் இடுக்கில் செருகியிருப்போம். வலது கை கம்பியைப் பிடிக்கவும் கிழிக்கவும். தோல் பை கக்கத்தில். சில்லறை இல்லை என்றால் டிக்கெட் பின்னால் மீதியை எழுதிக் கொடுப்போம். இதைப் போடாமல் மழையைப் போட்டு வைத்திருக்கிறான்."

நான்: பெரியப்பா, அந்தக் கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

பெரியப்பா: டிக்கெட் கட்டுக்கு எங்கே போவது?

அம்மா: பால் கார்டு கட்டு இருக்கிறதே அத்தான், அதை வைத்துப் பிடியுங்கள்

பெரியப்பா: [படம்]

காயத்ரி அக்கா: கார்த்தி. இதுதான்.

சித்தப்பா: இதுதான். ஒரே கை. நாலு விரல் இடுக்கில் நோட்டு விசிறி மாதிரி நிற்கிறது. தெரு முனையிலிருந்து தெரியும்.

நான்: இன்று ராத்திரி தூங்க மாட்டேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.15

நான்: [படம்]
பின்னணியில் பஸ் உள்ளே எரியும் பச்சை ட்யூப் லைட் மட்டும். மழை, நிலா, டீக்கடை, மலை எல்லாம் போய்விட்டன. கை பெரிதாக, பெயர் தடிமனாக, புள்ளி தள்ளி. இது 120 × 45. முதலில் பாட்டியிடம் காட்டுங்கள், என்ன கேம் என்று சொல்லாமல்.

அம்மா: காட்டினேன். "கண்டக்டர் கை. என் மூத்தவன் கை மாதிரி இருக்கு" என்கிறார்.

காயத்ரி அக்கா: (ஆதி) மாமா, கார்டு கேமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் டிக்கெட் தெரிந்தது. கிளிக் செய்வேன். ஆனால் நாயை எடுத்துவிட்டீர்களா?

நான்: நிமிர்ந்த அட்டைக்கு 748 × 896 இடம் இருக்கிறது. அதில் காலடியில் படுத்திருக்கும்.

காயத்ரி அக்கா: சீட்டுக்கட்டு மாதிரி தெரிகிறது என்பது எனக்கும் தோன்றியது. ஓரத்தில் விசில் கயிறு ஒன்று தொங்கட்டும்.

சித்தப்பா: எழுத்து பாஸ். "சி"யின் சுழி மட்டும் நோட்டு நுனியில் இடிக்கிறது, ஒரு நூல் இறக்கு.

பெரியப்பா: நோட்டு வரிசை தப்பு. 100 ரூபாயை ஓரத்தில் வைத்திருக்கிறாய், நெரிசலில் ஒருவன் உருவிக்கொண்டு போவான். பெரிய நோட்டு உள்ளே, 10 ரூபாய் வெளியே.

பெரியப்பா: அப்புறம் விரல் நுனி ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. நாள் முழுக்கச் சில்லறை தொட்டால் கட்டை விரல் கறுத்துவிடும். சோப்புப் போட்டாலும் போகாது.

நான்: போட்டோவில் உங்கள் விரல் சுத்தமாகத்தானே இருக்கிறது?

பெரியப்பா: ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆகிறதே.

நான்: சரி பெரியப்பா. கறுப்படிக்கிறேன்.