அப்பாவுக்குப் பக்கவாதம், பேச்சுப் பயிற்சிக்கு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து நாளுக்கு முன் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வாய் கோணியதைப் பார்த்ததுமே பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினோம். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது, நல்லவேளை தாமதிக்கவில்லை. விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை. அந்தக் கவனிப்பை மறக்க மாட்டேன்.

நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சுதான் பெரிய கவலை: சொல்ல நினைப்பது வராமல் அழுதுவிடுகிறார். அங்கே பிசியோதெரபி உண்டு, பேச்சுப் பயிற்சியாளர் இல்லை.

வீடியோ அழைப்பில் பேச்சுப் பயிற்சி எடுத்துப் பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதுதான் நல்லதா? கிளம்பும் முன் டாக்டரிடம் எதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்?