கோல்ஃப் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரை) புதுப் புல் இனம் சோதித்தவர்கள்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கோ

கோப்பாய்க்காரன்:
டுபாயில் கோல்ஃப் மைதானப் புல் வேலை செய்தவர்கள் இங்கே கனபேர் என்பதால் நீண்ட விளக்கம் வேண்டாம். நேர்சரி கிரீனில், அதுதான் புல்லைச் சோதித்து வளர்க்கும் தரையில், டிஃப்ஈகிள் என்ற கலப்பினப் புல்லும் உப்பைத் தாங்கும் பஸ்பாலம் புல்லும் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தோம், இரண்டுக்கும் 3 மில்லிமீற்றர் வெட்டு. விடிய வெள்ளன மேற்பார்வையாளர் ஸ்டிம்ப்மீற்றரை, அதுதான் பந்து எவ்வளவு தூரம் உருளும் என்று அளக்கும் கோலை, மெல்லத் தூக்க, அதன் பள்ளத்தில் இருந்த பந்து கழன்று உருண்டது. டிஃப்ஈகிளில் நன்றாகத்தான் போனது. பஸ்பாலக் கட்டத்துக்குள் நுழைந்ததும் யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரித் தளர்ந்து நின்றுவிட்டது. "இது சரிவராது" என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினார். அது நிழல் பக்கம், பனி காயவே இல்லை! மத்தியானம் ஒருக்கால் உருட்டிப் பாருங்கோ சேர் என்றேன், காதில் விழவில்லை. அங்கே வந்த தண்ணீர் உப்பு. அதற்காகத்தான் பஸ்பாலத்தையே கொண்டுவந்தார்கள்.

வடலி:
அண்ணை, பனியை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ. பஸ்பாலம் காய்ந்தாலும் கொஞ்சம் மந்தம்தான், நான் கட்டாரில் ரோலர் ஓட்டினவன். ஆனால் பந்தை எல்லை தாண்ட விட்டாரே, அது அளவே இல்லை. ஒரே கட்டத்துக்குள் மூன்று பந்து ஒரு பக்கம், மூன்று எதிர்ப்பக்கம், பிறகு சராசரி. 1935 இல் ஸ்டிம்ப்சன் செய்த கோல் அது, இன்னும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை.
என்னுடைய கதை சின்னது. டிஃப்டுவார்ஃப் என்ற பழைய புல் இனம் போட்ட கிரீனில் முழங்கால் ஊன்றிப் பார்த்தபோது உள்ளங்கை அளவுத் திட்டு ஒன்று, இலை அகலம், நிறம் வேறு. யாரும் நடவில்லை. விதை வைக்காத கலப்பினம், தண்டு நட்டு வளர்ப்பது, தானாகவே மாறியிருக்கிறது. புது இனத்தை ஒரு வருடம் பார்த்துவிட்டு நல்லது என்பவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

மானிப்பாய்–ரொறன்ரோ:
எங்களுக்கு ரொறன்ரோவில் பென்ட்கிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல். காலைப் பனியில் ஒரு கட்டம் முழுக்க வெள்ளைப் பூஞ்சண நூல், வெயில் வந்ததும் நூல் மறைந்து காசளவு காய்ந்த புள்ளிகள். பக்கத்துக் கட்டம் பச்சையாக நிற்கிறது. அதே உரம், அதே வெட்டு. அன்று கண்ட வித்தியாசத்தை எந்த அட்டவணையிலும் நான் காணவில்லை.

வேலணை வளவு:
நான் வீட்டில் பஸ்பாலத் தண்டு நட்டு, சவர்க் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். மஞ்சளாகிப் போனது. அவ்வளவுதான்.
ஆனால் யாராவது ஊரில் போட நினைத்தால் கேளுங்கோ. உப்பைத் தாங்குவது வேர் பிடித்த புல், இளந்தண்டு இல்லை. மாரி தொடங்க நட்டால் மழை உப்பைக் கழுவி இறக்கும். எங்களுடையது சுண்ணாம்புக்கல் பூமி, மண் காரமாக இருந்தால் இரும்புச் சத்து புல்லுக்கு ஏறாது, அதனாலும் மஞ்சளாகும். உப்பென்று நினைத்து இன்னும் தண்ணீரை ஊற்றாமல் இரும்பைத் தெளித்துப் பாருங்கோ. யூரியாவை அள்ளிக் கொட்டாதேங்கோ, எங்கள் கிணறுகளில் ஏற்கெனவே நைத்திரேற்று கூட. எடுத்த எடுப்பில் 3 மில்லிமீற்றருக்கு வெட்டவும் வேண்டாம், உயரத்தைப் படிப்படியாக இறக்குங்கோ. ஒவ்வொரு இனத்தையும் மூன்று இடத்திலாவது கலைத்துப் போடுங்கோ, நிழல் ஒன்றின் தலையில் மட்டும் விழாது. கோயில் வீதி அறுகும் டிஃப்ஈகிளுக்குச் சொந்தம்தான், அதையும் ஒரு கட்டம் போட்டால் என்ன?

கோப்பாய்க்காரன்:
நான் கேட்டது நடந்த கதை, நீங்கள் வளவுக்குப் புல் நட்டுத் தருகிறீர்கள். வடலி, கட்டாரில் காய்ந்த பஸ்பாலத்தில் பந்து எத்தனை அடி போனது? அதைச் சொல்லுங்கோ முதலில்.